பெரிய பிளசருக்கு முறை வைத்த வீடு

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்று சொன்னால் கோவில்பட்டிக் கல்லூரியில் ஒருத்தியும் நம்பமாட்டாள். நம்பாதது அவர்கள் தப்பில்லை. காலையில் டவுன் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று, அடுத்தவள் சோற்று வாளி இடுப்பில் இடிக்க வந்து இறங்குகிறவள், "எங்க வீட்ல சீமைக் காரு நிக்கி, உள்ள மரப்பலகையில கடிகாரம் பதிச்சிருக்கும், பின்சீட்டுல மடக்கு மேசை இருக்கும்" என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் 'நிக்கி' என்று சொன்னேன் பாருங்கள், அது சத்தியம். ஓடுது என்று நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அது உலக யுத்தம் முடிந்த கையோடு இங்கிலாந்தில் செய்த கார். அப்போது அங்கே இரும்புக்கே திண்டாட்டமாம். செய்கிற நல்ல காரையெல்லாம் சொந்த ஊர்க்காரனுக்குக் கொடுக்காமல் வெளிநாட்டுக்குக் கப்பலேற்றிக் கடனை அடைத்துக்கொண்டிருந்தார்களாம். அப்படிக் கப்பலேறிய ஒன்றை எங்கள் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் வாங்கினார். ஜமீன் ஒழியப்போகிறது என்று ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்த காலத்தில் அவருக்கு மட்டும் புதுக்கார் வாங்கத் தோன்றியிருக்கிறது. ஜமீன் போனது, கார் மிஞ்சியது. அவரிடமிருந்து அது ஒரு பருத்தி வியாபாரிக்குப் போனது. பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷம், மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கோவில்பட்டிக்குப் போன எங்கள் தாத்தா, திரும்பும்போது வண்டியை ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு இந்தக் காரில் வந்து இறங்கினார். விதைக்கு எடுத்து வைத்திருந்த பருத்தியையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது அடுத்த விதைப்பின்போதுதான் தெரிந்தது.

அதன் கம்பெனிப் பெயர் எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. வாடகைக் கார்களுக்கெல்லாம் பிளசர் என்று பெயர் இருந்ததால் இது பெரிய பிளசர் ஆனது. நல்ல கறுப்பு. கரிசல் மண்ணில் நின்றால் எது தரை, எது கார் என்று தெரியாது. தெருவுக்குள் வந்தால் இரண்டு பக்க வீட்டுக்காரர்களும் வாசலில் இருக்கிற குடங்களை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அதை வெளியே எடுக்கவே முடியாது. சைக்கிளையே தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற மண்ணில் அவ்வளவு கனத்தை யார் தூக்குவது?

தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பெரியப்பா, இளையவர் எங்கள் அப்பா. பெரியப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். அப்பாவுக்குச் சோக் பிடிக்கத் தெரியும். சிரிக்காதீர்கள், அது ஒரு தனி வேலை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இழுத்துவிடுகிற ஒரு குமிழ் இருக்கும், அதுதான் சோக். இழுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகும், விட்டால் குறையும். மற்ற கார்களில் காலையில் ஒருதரம் இழுத்துவிட்டால் போதும். எங்கள் காரில் என்ன கோளாறோ, தாத்தா வாங்கின நாளிலிருந்தே அந்தக் குமிழ் இழுத்த இடத்தில் நிற்காது. மேடு வந்தால் இழுக்க வேண்டும், சமதளம் வந்தால் விட வேண்டும், இல்லாவிட்டால் இருமிக்கொண்டு நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு அந்த ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். அதனால் பெரியப்பா ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அப்பா சோக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். அண்ணன் தம்பி இருவரும் கல்யாணம் ஆகும்வரை அப்படித்தான் ஊர் ஊராகப் போய் வந்தார்களாம். "ராமர் லெச்சுமணர் மாதிரி இருந்தாவ, சவத்துக்கு யாரு கண்ணு பட்டுதோ" என்பாள் அம்மா.

கண் படவில்லை, பாகப்பிரிவினை பட்டது. தாத்தா போனபிறகு நிலத்தை அளந்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள். காரை எப்படிப் பிரிப்பது? பங்கு பிரிக்க வந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பிரிக்க முடியாத சொத்து என்றால் ஒன்றுதான் தெரியும், கிணறு. கிணறு பொது, தண்ணீருக்கு முறை. ஒரு வாரம் அண்ணன் பாய்ச்ச வேண்டும், ஒரு வாரம் தம்பி பாய்ச்ச வேண்டும். அதையே காருக்கும் வைத்துவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் முறை மாறும். நிறுத்துகிற கொட்டகை பொது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொதுக் கிணற்றை எவன் தூர் வாருவான்? என் முறையில் பெட்ரோல் போட்டால் மிச்சத்தில் அவன் ஓட்டுவான் என்று இவர் போடவில்லை, அவரும் போடவில்லை. என் முறையில் டயர் மாற்றினால் அது அவனுக்குத்தானே உழைக்கும் என்று இருவரும் சும்மா இருந்தார்கள். போதாததற்குப் பெரியப்பா முறையில் ஓட்ட ஆள் இருந்தார், சோக்குக்கு ஆள் இல்லை. அப்பா முறையில் சோக்குக்கு ஆள் இருந்தார், ஓட்ட ஆள் இல்லை. அப்பா கயத்தாற்றிலிருந்து ஒரு லாரி டிரைவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்த வேகத்தைப் பார்த்ததும் ஊர்க் கோழிகளெல்லாம் கூரையில் ஏறிவிட்டன. ஓடைப் பாலத்தில் இடித்து மட்கார்டு நெளிந்தது. நெளிந்த காரை அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பாவிடம் விட்டபோது அவர் ஒரு வார்த்தை சொன்னார். அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அந்த இரண்டு வார்த்தைகளும் இன்னவென்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் சொல்லமாட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

அடுத்து நடந்ததுதான் எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியம். பொதுக் கிணற்றில் மோட்டார் வைத்திருக்கிறவர்கள் முறை முடிந்ததும் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்தவன் முறை இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக மோட்டார் போடக் கூடாது அல்லவா? அந்தப் பழக்கத்தில் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை பேனட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் பெரியப்பா கார்புரேட்டரையே கழற்றிக்கொண்டு போனார். அப்பா விடுவாரா? பிளக்குகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. பேட்டரி அங்கே போனது. ஹாரன் இங்கே. பக்கவாட்டுக் கண்ணாடி அங்கே, அதில்தான் பெரியப்பா முகச்சவரம் செய்துகொள்வார். சக்கரத்து வெள்ளி மூடி ஒன்றில் பெரியம்மா கோழிக்குத் தவிடு கரைத்து வைத்தாள். எங்கள் வீட்டில் கம்பு கொட்டி வைக்கிற மண் குலுக்கைக்குள் கையை விட்டால் பிளக் தட்டுப்படும். நான் பெரிய மனுஷியானபோது கொட்டகையில் நின்றது காரில்லை, காரின் சட்டை. இன்ஜின் இரண்டு வீட்டிலும் குடியிருந்தது.

ஆண்கள் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வடக்கே பார்ப்பார், ஒருவர் தெற்கே பார்ப்பார். பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே புஞ்சையில் அடுத்தடுத்த சாலில் பருத்தி எடுக்க வேண்டியவர்கள். இருவரும் குனிந்த தலை நிமிராமல் நாள் முழுக்கப் பேசுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஆண்களுக்கு அவர்கள் மும்முரமாக வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும்.

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நானும் அக்காவும்தான். அக்கா என்னைவிட மூத்தவள், அமைதியானவள், நெற்றி நிறையக் குங்குமம் வைப்பாள். தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்த இடம் ஜாதகம் சேரவில்லை என்று போனது. இரண்டாவது இடத்தில் ஜாதகம் கனகச்சிதமாகச் சேர்ந்தது, பூ வைக்கிற நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அப்புறம் அவர்கள் ஊருக்குள் விசாரித்திருக்கிறார்கள். "சொந்தப் பங்காளியே படியேறாத வீடு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா சபையில யாரு வந்து நிப்பா? கூடப்பொறந்த தம்பியும் கெடையாது அந்தப் பிள்ளைக்கு" என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்கள். அக்கா பூ வைப்பதற்காக எடுத்த சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கொட்டகைக்குத் தீ வைத்தால் என்ன என்று நிஜமாகவே யோசித்தேன்.

மூன்றாவதாக நாகலாபுரத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது அக்கா கொண்டுபோன காப்பியில் சீனி போட மறந்துவிட்டாள், அந்த மனுஷர் அதை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அக்கா அடுக்களைக்கு வந்து மிச்சக் காப்பியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணம் நின்றால் இவள் இன்னொன்றுக்கு நிற்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பேசி முடிக்க அம்மா நாகலாபுரம் போய்விட்டு வந்தாள். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேக்காவ?"

"நகை நட்டு, சீர்செனத்தி எதையும் வாயத் தெறந்து கேக்கல. நம்ம இஷ்டமாம்."

"பெறவு என்ன? நல்ல மனுசங்கதான்."

"ஒண்ணே ஒண்ணு கேக்காவ. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தப் பெரிய பிளசர்லதான் வரணுமாம். சம்பந்தி சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் காரு பின்னால புழுதியில ஓடியிருக்காராம். அன்னைக்கே நெனச்சாராம், என் மவன் கல்யாணத்துல இதுலதான் உக்காரணும்னு. அது இல்லன்னா யோசிக்கணும்னு சொல்லுதாவ."

அப்பா துண்டை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். அவர்கள் குறித்துக் கொடுத்த கல்யாணத் தேதி விழுந்தது பெரியப்பா முறையில்.

தண்ணீர் முறையை மாற்றிக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. "இந்த வாரம் எனக்கு விடும், அடுத்த வாரம் நீரு எடுத்துக்கிடும்" என்றால் தீர்ந்தது. ஆனால் அதற்கு வாயைத் திறந்து கேட்க வேண்டுமே. பெரியப்பா அதையேதான் தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார். "வெத்தல பாக்குத் தாம்பாளத்தோட எம் படியேறி வந்து, அண்ணேன்னு கூப்பிடட்டும். காரு மட்டுமா, நானே வாரேன்." அதைக் கேட்ட அப்பா, "அந்தப் படியில என் காலு படாது. கல்யாணம் நின்னாலும் சரி" என்றார்.

கல்யாணம் நின்றாலும் சரியாம். யார் கல்யாணம்? இவருடையதா? அன்று அப்பாவை நான் எதிர்த்துப் பேசியது பத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என்ன பேசினேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மா ஏனோ என்னை அடக்கவும் இல்லை, அழவும் இல்லை. உலை அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். மகள் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது, இவள் அரிசி களைகிறாளே என்று அவள் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒரு வாரம் ஓடியது. நாகலாபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, "வாட்டி" என்று என்னைக் கூப்பிட்டாள். தாம்பாளமும் எடுக்கவில்லை, வெற்றிலையும் எடுக்கவில்லை. நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெரியப்பா வீட்டுப் படியில் ஏறினாள். பெரியப்பா கார்க் கண்ணாடியைத் தூணில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு தாயி."

"கிணத்துக்கு முறை வச்சிருக்கீங்க. காருக்கு முறை வச்சிருக்கீங்க. நான் யாரு முறைன்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அந்தக் கொட்டகையிலயே நின்னுக்கிடுதேன். அதுவும் பொதுதான?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். பெரியப்பா கத்தியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியது. அவருக்குப் பெண்பிள்ளை கிடையாது, ஒரே மகன்தான். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தோளில்தான் கிடப்பாளாம். அவர் முகத்தை அப்படியே துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ஏட்டி, அந்தக் கார்புரேட்டரை எடு."

பெரியம்மா அதை எடுத்துவர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கார்புரேட்டர் எங்கள் வீட்டைக் கடந்து கொட்டகைக்குப் போவதை அப்பா பார்த்தார். உள்ளே போய்க் குலுக்கைக்குள் தோள்வரை கையை விட்டார். பிளக்குகளோடு இரண்டு படி கம்பும் வெளியே கொட்டியது. அதன்பிறகு இரண்டு நாளாகச் சாமான்கள் வந்துகொண்டே இருந்தன. நான்தான் தபால்காரி. இந்த வீட்டிலிருந்து ஹாரன், அந்த வீட்டிலிருந்து பேட்டரி, இந்த வீட்டிலிருந்து ஃபேன் பெல்ட், அந்த வீட்டிலிருந்து கோழித் தவிடு கழுவிய வெள்ளி மூடி. இது யார் வீட்டிலிருந்து வந்தது என்று இருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோவில்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். டிராக்டருக்கும் லாரிக்கும் பேர்போனவர். பேனட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது காரா? குடியிருந்தவன் காலிபண்ணிட்டுப் போன வீடால்லா இருக்கு" என்றார். பிறகு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, எதை எங்கே மாட்டுவது என்று தெரியாத இடத்திலெல்லாம் "இது சும்மா அழகுக்கு வச்சிருக்கான் வெள்ளக்காரன்" என்று ஒதுக்கி வைத்தார். பெரியப்பா கொட்டகையின் ஒரு மூலையில் நின்று இருமுவார், மெக்கானிக் ஒதுக்கியதை எடுத்து மாட்டுவார். அப்பா இன்னொரு மூலையில் நின்று இருமுவார், மெக்கானிக் மாட்டியதைக் கழற்றி மறுபடி சரியாக மாட்டுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இன்ஜின் உயிர் பெற்றது. வந்த புகையில் கொட்டகைக்குள் அடைந்திருந்த புறாக்கள் மொத்தமும் வெளியே பறந்தன. அக்கா சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சத்தம் கேட்டதும் கும்பிட்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஊர் முகப்புப் பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், நடுவில் ஓடைப் பாலத்து மேடு. பெட்ரோல் வீணாகக் கூடாது என்று இளவட்டங்கள் காரைக் கோயில்வரை தள்ளியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை, மச்சினன் முறைக்குப் பெரியப்பா மகன், மறுபக்கம் சம்பந்தி. சம்பந்தி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆயுசு நாள் ஆசை நிறைவேறுகிறது, மனுஷர் உருகிப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன். பெரியப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் சோக்கைப் பிடிக்க மெக்கானிக் ஏறினார்.

கார் நாலு அடி போனது, இருமியது, நின்றது. மறுபடி கிளப்பினார்கள், மறுபடி நின்றது. மேளக்காரர்கள் இரண்டுதரம் ஆரம்பித்து இரண்டுதரம் நிறுத்தினார்கள். மெக்கானிக் குமிழை இழுக்கிறார், விடுகிறார், ஏசுகிறார். "இது ஒண்ணும் நிக்காது போலிருக்கே. தள்ளிருவமா?" என்றான் கூட்டத்தில் ஒருவன். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் ஆரத்தித் தட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வரவில்லையே என்று வீட்டில் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி, "அதைப் பிடிக்கிறவன் பிடிச்சாத்தான் நிக்கும்" என்றார்.

அப்பா கூட்டத்துக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை, பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றினார். அந்தக் காலத்தில் தாத்தா காரில் யாரையும் செருப்போடு ஏறவிடமாட்டாராம். மெக்கானிக்கை இறங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். குமிழைப் பிடித்தார். அவரும் தெருவைத்தான் பார்த்தார்.

நான் காரோடு ஒட்டி நடந்துவந்தேன். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. மொத்தமே நாலைந்து வார்த்தைதான்.

"இழு."

அப்பா இழுத்தார். இன்ஜின் சீராகப் பிடித்தது.

"விடு. மெதுவா. ம்."

ஓடை மேட்டில் பெரியப்பா வாயைத் திறப்பதற்குள்ளேயே அப்பா இழுத்திருந்தார். பாலத்தைத் தாண்டி இறங்கும்போது அப்பா முதல்தடவையாக ஒரு வார்த்தை சொன்னார்.

"நாய்."

"பாத்தேன்" என்றார் பெரியப்பா.

இத்தனை வருஷம் கழித்து ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கார் எங்கள் வாசலில் வந்து நின்றபோது நடுச்சுவருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம், இந்தப் பக்கமும் கொஞ்சம் நின்றது. அவ்வளவு நீளம். மறுநாள் காலையில் தாலி கட்டியாயிற்று. அக்கா மறுவீட்டுக்கு வேனில்தான் போனாள். அந்தக் காரை நம்பி நாகலாபுரம்வரை அனுப்ப நாங்கள் என்ன பைத்தியமா?

அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது. பெரியப்பா கொட்டகைக்குப் போய்க் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். கோபமாகக்கூட இல்லை. முறை முடிந்தால் கழற்ற வேண்டும், கழற்றினார்கள். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நாய் வாலை நிமித்த முடியுமா" என்றாள். அவள் ஏன் அவ்வளவு இடிந்துபோனாள் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, இவளுக்கு இன்னும் என்ன வேண்டும்?

விளங்கியது அக்கா மகளுக்குக் காதுகுத்தும்போது. அது இரண்டாயிரம் பிறந்த பிறகு. நாகலாபுரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் பெரியப்பா மகன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். அதனால் பெரியப்பாவும் வந்திருந்தார். பந்தலின் ஒரு கோடியில் பெரியப்பா, மறுகோடியில் அப்பா. நடுவில் சம்பந்தி எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். யாரோ பேச்சுவாக்கில் கேட்டார்கள், அந்தப் பெரிய பிளசர் இன்னும் இருக்கிறதா என்று. சம்பந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க அண்ணாச்சி. அன்னைக்கு அதுல உக்காந்து வந்தேனே, எங் கொலசாமிதான் காப்பாத்துச்சு. கதவு கையோட வந்துருமோன்னு பிடிச்சிக்கிட்டே வந்தேன்."

அப்பா அங்கிருந்தபடியே சிரித்தார். "நீங்கதான சம்பந்தி ஆசப்பட்டுக் கேட்டீங்க?"

"நானா? நான் எங்க கேட்டேன்? என் மவன் வேன்லதான் வாரேன்னான். உங்க வீட்டுப் பொம்பளைய ரெண்டு பேரும் வந்து இதே வாசல்ல உக்காந்துக்கிட்டு, 'எங்க வீட்டு வழக்கம், மாப்பிள்ளை அந்தக் கார்லதான் வரணும், மாட்டேன்னா பொண்ணு கெடையாது'ன்னுல்லா சொன்னாவ. பயந்துபோயி ஒத்துக்கிட்டேன்."

"சின்னப் பிள்ளையில அது பின்னால ஓடினதா..."

"என் வயசுக்கு நான் அந்தக் காரைப் பாத்ததே அன்னைக்குத்தான்."

'ரெண்டு பேரும்' என்ற சொல் மெல்ல இரண்டு கோடிக்கும் போய்ச் சேர்ந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சட்டென்று எழுந்து, "பாயசம் அடிப்பிடிக்கும்" என்று உள்ளே போனாள். பின்னாலேயே பெரியம்மா, "நான் கிண்டுதேன்" என்று ஓடினாள். பருத்திக் காட்டில் நாள் முழுக்கத் தலைநிமிராமல் இவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறியதற்கும், நான் பத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தியதற்கும் யார் பதில் சொல்வது? பெற்ற மகளையே இப்படித் தவிக்கவிட ஒரு தாய்க்கு எப்படி மனசு வந்தது? ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது.

அப்பா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. நேரே உள்ளே போய் அம்மாவைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போகவில்லை. பந்தலின் மறுகோடிக்கு நடந்தார். பெரியப்பாவும் எழுந்துவிட்டார்.

"அண்ணே, பாத்தீரா? நம்மள ஏமாத்திப்போட்டாளுவ."

"நானும் மடையன் மாதிரி வண்டிய ஓட்டினேன் பாத்தியா?"

"அந்தச் சவத்துச் சோக்கைப் பிடிச்சிக்கிட்டு நானும்ல்லா உக்காந்திருந்தேன்."

"இந்தப் பந்தல்ல கை நனைக்கக் கூடாதுலே. வா போவோம்."

பேத்தி காதில் கம்மல் ஏறியதைப் பார்த்துவிட்டு இருவரும் சாப்பிடாமல் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நாங்கள் மறுநாள் ஊருக்குத் திரும்பியபோது இரண்டு வீடும் சாத்திக் கிடந்தது, கொட்டகை திறந்திருந்தது. பெரிய பிளசரின் பேனட் திறந்திருக்க, கழற்றிய சாமானெல்லாம் உள்ளே வந்து சேர்ந்திருந்தன. முன்சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா கையில் ஸ்டியரிங், அப்பா கையில் குமிழ். பெட்ரோல் இல்லாத கார் எங்கேயும் போகவில்லை.

அம்மா காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணனுக்குக் குடுக்கச் சொல்லு மொதல்ல" என்று என்னிடம் சொன்னார். பெரியம்மாவுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. பெரியப்பா அவளிடம் பேச வேண்டியதை அப்பாவிடம் சொன்னார், அப்பா என்னிடம் சொன்னார். இனி பெண்டாட்டிமார் இருவரோடும் பேச்சு வார்த்தை கிடையாது என்பது இருவரும் கூடி எடுத்த தீர்மானமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்னம்மா அநியாயம்? எத்தனை நாளைக்கு இப்பிடிப் பேசாம இருப்பாவளாம்?" என்று அடுக்களையில் வந்து குதித்தேன்.

அம்மா காலிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். கொட்டகையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள்.

"நம்மகிட்டப் பேசாட்டாப் போறாவ. அவியளுக்குள்ள பேசிக்கிடுதாவல்லா."